கோமதி அக்காவின் மைக்

ஜூன் 3, செவ்வாய்

புது மைக் வந்துவிட்டது. போனில் செருக ஒரு சின்ன ரிசீவர். சேலையில் குத்திக்கொள்ள இரண்டு மைக். வயர் கிடையாது, மைக்கே சத்தத்தைக் காற்றில் அனுப்பிவிடுமாம். எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்து மூடினால் சார்ஜ் ஏறுகிறது.

மைக் வேண்டும் என்று கேட்டது கோமதி அக்கா. அவளும் வடிவு அத்தையும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், அத்தை மூத்தவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ‘ஓரகத்தி சமையல்’ என்று யூடியூபில் சேனல் வைத்திருக்கிறார்கள். சமைத்துக்கொண்டே ஒருத்தி காலை ஒருத்தி வாருவார்கள். அதற்காகவே புளியங்குடியில் பாதிப் பேர் பார்க்கிறார்கள். நான் காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன், போனைப் பிடிப்பேன், வீட்டுக்கு வந்து வீடியோவை வெட்டி ஒட்டுவேன்.

அத்தை பேசினால் தெருமுனை வரை கேட்கும். அக்காவுக்கு மெல்லிய குரல். போன் மைக்கில் அத்தை குரல் மட்டும்தான் பதியும். ‘பின்னால் முணுமுணுப்பது யார்?’ என்று போன வாரம் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“எனக்குத் தனி மைக்கு வேணும்க்கா. இல்லன்னா ஓரகத்திங்கிற பேர எடுத்துட்டு ‘ஒருத்தி சமையல்’னு வச்சிக்கிடுங்க.”

“ஒனக்கு மைக்கு எதுக்குளா? வாயத் தொறந்தாப் போதாதா?”

“நீங்க மூடுனாத்தான நான் தொறக்க முடியும்.”

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நான் அதிகம் பேசாதது அவர்கள் இருவருக்குமே பிடித்திருக்கிறது. இது இல்லாவிட்டால் நூல் மில்தான். எங்கள் தெருப் பெண்களை ஒரு ஏஜென்ட் கூட்டிப்போகிறார். அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும், பொங்கலுக்குத்தான் வீடு. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு வேறு என்ன கிடைக்கும் என்கிறாள் அம்மா. டிக்டேஷனில் பாதியை விட்டுவிடுவேன். ‘கூப்பிட்டாத் திரும்பமாட்டா, திமிரு’ என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். எனக்குத் திமிர் இல்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுவதும் மைக்கைச் சரிபார்த்தோம்.

முதலில் ஒரே கரகரப்பு. இரண்டு பேரும் மைக்கை நெஞ்சுக்கு நேராகக் குத்தியிருந்தார்கள். தாலிச் சங்கிலி அதில் உரசிக்கொண்டே இருந்தது. சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் போடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கோமதி அக்காவே சொல்லிவிட்டாள்.

“தாலிய உள்ள போட்டுட்டு நின்னா பாக்கிறவ என்ன நெனப்பா?” என்றாள் அத்தை.

“புருசன் அடகுக்குத் தூக்கிராம இருக்கட்டும்னு ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனப்பா. அதும் நெசந்தான?”

அத்தை கரண்டியை ஓங்கினாள். கடைசியில் நான் மைக்குகளைத் தோளில், சேலை ஊசிக்குப் பக்கத்தில் குத்திவிட்டேன். கரகரப்பு நின்றது.

அடுத்தது மிக்ஸி. அது ஓடும்போது இருவர் குரலும் தண்ணீருக்குள் பேசுவது போல ஆனது. மைக்கில் இரைச்சலைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அது மிக்ஸியோடு சேர்த்துக் குரலையும் தின்கிறது. அணைத்துவிட்டேன். அப்புறம் அக்கா கொல்லைக் குழாய்க்குப் போனால் குரல் அறுந்து அறுந்து வந்தது. நடுவில் சுவர். பேசும்போது சுவர் தாண்டிப் போகக் கூடாது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.

போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். இரண்டு குரலும் கணீர் என்று இருந்தன. “இது நானா?” என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஜூன் 7, சனி

காணத் துவையல் எடுத்தோம். காணம் என்றால் கொள்ளு. அக்காவுக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அவள் அம்மா இந்தத் தை மாதம்தான் இறந்தார். அவர் அரைக்கிற துவையல் இது. புது மைக்கில் முதல் வீடியோ இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள்.

அம்மியில் அரைத்துக்கொண்டே அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். நான் குக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மைக்கில் பதிந்திருக்கும், வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வடிவு அத்தை ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கண்ணைத் துடைத்து மூக்கைச் சிந்தினாள்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா எலுமிச்சை மார்க்கெட்டுக்குத் தரம் பிரிக்கப் போன பிறகு வெட்ட உட்கார்ந்தேன். எப்போதும் போல ஹெட்செட்டை வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். இன்னொன்று தொங்கும். அப்படியே பழகிவிட்டது.

அத்தை குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல இருக்கிறது. அக்கா குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல. ஒரு சொல்லும் புரியவில்லை. செயலியில் சத்தத்தை இரண்டு பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தேன். கீழ்ப்பட்டை அத்தை. மேல்பட்டையில் அலை குதிக்கிறது, ஆனால் சத்தமே இல்லை. அக்காவின் மைக் குரலை விட்டுவிட்டுக் காற்றை எடுத்திருக்கிறது போல. அந்தப் பட்டையை அழித்துவிட்டேன்.

அக்கா பேசுகிற இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. வாய் மட்டும் அசைவது நன்றாக இல்லை. வீணை மியூசிக் ஒன்றைப் போட்டேன். அம்மிக்குழவி போய் வருவதற்குப் பொருந்தியது.

அக்காவின் மைக் பழுது என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஆசைப்பட்டு வாங்கிய மைக். எப்படிச் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

சொல்லவில்லை. அத்தை சத்தத்தைக் குறைத்து வைத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். “தொவையல் நெறம் அருமையா வந்திருக்கு” என்று யூடியூபில் ஏற்றிவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

நான் போகும்போதே சண்டை நடந்துகொண்டிருந்தது.

விளாத்திகுளத்தில் அக்காவின் அண்ணன் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன், பாருங்கள் என்று அக்காதான் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு வீணைதான் கேட்டிருக்கிறது. ‘சின்ன ஓரகத்தி வாயத் தச்சிட்டாவளா?’ என்று ஒரு கமெண்ட். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள்.

“எங்க அம்மா பேரச் சொன்னேன்க்கா. ஒரே ஒரு தடவ சொன்னேன். அது ஒங்களுக்குப் பொறுக்கலையா?”

“ஏ கோட்டிக்காரி! நான் ஏன்ளா அத வெட்டச் சொல்லுதேன்? நானே அழுதுக்கிட்டுல்லா நின்னேன்.”

“நீங்க அழுதது நல்லாத் தெரியுது. மூக்கச் சிந்துன சத்தங்கூடக் கேக்கு. நான் பேசுனது மட்டும் கேக்கல.”

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“முப்பு, நீ சொல்லு. அத்தை சொல்லித்தான செஞ்ச?”

“ஏட்டி முப்புடாதி, நான் சொன்னேனா? வாயத் தொறந்து சொல்லேன், மூதி!”

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அத்தை இல்லை என்று எடுத்துக்கொண்டாள். அக்கா ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அத்தை அந்த வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டாள். சாயங்காலம் கோமதி அக்கா கொல்லையில் மூன்று கல் வைத்துத் தனியாக உலை ஏற்றினாள். பாத்திரம் கழுவ என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

வேலை இல்லை. “மில்லு ஏஜென்ட்டுட்ட சொல்லி வைக்கட்டா?” என்று அம்மா கேட்டாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

வெட்டாத வீடியோ இன்னும் போனில்தான் இருந்தது. ஹெட்செட் இல்லாமல் ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்தேன்.

அக்கா குரல் இருக்கிறது. முழுவதும் இருக்கிறது.

“எங்க அம்மா பேரு சீனியம்மா. மழ இல்லாத வருசம் காணம் மட்டுந்தான் வெளையும். அது மாட்டுக்கு வச்சது. அதுல ஒரு பிடிய எடுத்து எங்களுக்கு அரைப்பா. எடுக்கும்போது மாட்டுட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எடுப்பா. ஒருநா நான் கேட்டேன், மாட்டுக்குத் தெரியவாம்மா போவுதுன்னு. எனக்குத் தெரியும்லான்னா.”

இதற்கு மேல்தான் வீணை போட்டிருக்கிறேன்.

இரண்டு பட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து, புதிதாக வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். இதைக் கேட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அத்தை கேட்டதும் “அப்பாடா” என்றாள். கோமதி அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்போ கொரலு இருந்திருக்கு. மைக்குதான் கெட்டுப் போச்சுபோலன்னு ராத்திரி பூரா மனசத் தேத்திக்கிட்டுக் கெடந்தேன். இருந்தத எடுத்திருக்கிய. நாலு பேரு கேட்ட பொறவு திருப்பி வைக்கியளோ?”

“கோமதி, அந்தப் புள்ளய ஏன்ளா...”

“புள்ள என்ன செய்யும்? சொன்னதச் செய்யும். நான் அடுத்த வெள்ளிக்கெழம எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். சேனல நீங்களே வச்சிக்கிடுங்க. ஒங்க கொரலு ஒண்ணே போதும்.”

சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்துவிட்டேன். எனக்கு ஏன் ஹெட்செட்டில் கேட்கவில்லை? அதைத் தெரிந்துகொண்டால்தான் அக்காவிடம் ஏதாவது சொல்ல முடியும்.

ஜூன் 14, சனி

மைக்கையும் ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடைக்குப் போனேன். மைதீன் பிச்சை அண்ணன் இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டார்.

“நல்லாத்தான கேக்கு. ஒரு மைக்கு இந்தக் காதுல வரும், இன்னொண்ணு அந்தக் காதுல வரும். அப்படி வச்சிருக்கு. ஒண்ணாக் கேக்கணும்னா இந்த செட்டிங்க மாத்திக்க.”

“இடது பக்கம் கேக்கலண்ணே.”

அவர் புது ஹெட்செட் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். வலதில் அத்தை. இடதில் ஒன்றும் இல்லை. வேறொன்று கொடுத்தார். அதிலும் அப்படித்தான். பிறகு அவரே இரண்டையும் மாற்றி மாட்டச் சொன்னார். இடதில் மாட்ட வேண்டியதை வலதில் மாட்டினேன். கோமதி அக்கா என் காதுக்குள் பேசினாள். “எங்க அம்மா பேரு சீனியம்மா.”

அண்ணன் என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார்.

“பாப்பா, கோளாறு இதுல இல்லம்மா. வீட்டுல யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போ” என்றார். ஹெட்செட்டுகளைத் திருப்பி அட்டையில் சுற்றி வைத்தார்.

கடையில் வண்டிச் சத்தம் அதிகம். வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பார்த்தாயிற்று. போனில் அலாரம் அடிக்க விட்டு, வலது காதை அழுத்தி மூடிக்கொண்டு, இடது காதில் வைத்துப் பார்த்தேன். போன் உள்ளங்கையில் அதிர்ந்தது. அவ்வளவுதான்.

அம்மா வந்ததும் கேட்டேன். அவள் தலைச்சும்மாட்டை உதறிக்கொண்டே நின்றாள்.

“ரெண்டு வயசுல காய்ச்ச வந்து காதுல சீழ் வடிஞ்சுது. ஒரு காது போச்சுன்னாங்க. ஒண்ணு நல்லா இருக்குல்லா, போதும்னு விட்டுட்டேன்.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா அதையே நெனச்சுக்கிட்டு மொடங்கிப்போவ. தெரியாம நல்லாத்தான இருந்த?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வெளிய மூச்சு விட்டுறாத. மில்லுக்காரன் காதுல விழுந்தா அதும் போச்சு. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வருவான். செவிட்டு முப்புடாதின்னு பேரு வச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது.”

வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு உலகமே அமைதியாகிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அம்மா எப்போதும் என் வலது பக்கத்தில்தான் நடப்பாள். அதையும் இன்றுதான் யோசித்துப் பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

துணி துவைத்தேன். ரேஷனில் பருப்பு இல்லை. கோமதி அக்கா அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடைக்கு வந்ததாக அம்மா சொன்னாள். துணிமணி கட்டத்தான் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

போனேன். வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் அது மறந்துவிட்டது.

அத்தை உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அக்கா கொல்லை வாசலில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் முதுகு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் நின்றேன்.

“எனக்கு இந்தக் காது கேக்காது.”

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இருவரும் திரும்பினார்கள்.

“அக்கா மைக்கு இந்தக் காதுலதான் வந்துச்சு. எனக்குக் கேக்கல. ஒண்ணுமில்லன்னு நெனச்சு நாந்தான் அழிச்சேன். அத்தை ஒண்ணும் சொல்லல.”

கோமதி அக்கா சேலையைக் கீழே வைத்தாள். “இது என்ன புதுக் கதையா இருக்கு? இத்தன நாளாக் கேட்ட காது இப்பக் கேக்கலையா? யக்கா, நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கிய.”

“எனக்கே இப்பத்தான்ளா தெரியுது!”

“சரி, பாத்திருவோம்” என்று அக்கா எழுந்து வந்தாள். என்னை அத்தைக்கு எதிரே தரையில் உட்காரவைத்தாள். வலது காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு என் இடது பக்கமாகப் பின்னால் போய் நின்றாள். நான் அத்தையின் மாவுச் சல்லடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அத்தை சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஆட்டுரல் மேல் ஏறி நின்றாள். மாவு எல்லாம் என் மேல் கொட்டியது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் காதிலிருந்து விரலை எடுத்தேன்.

“எங்கன? எங்கனளா?” என்று அத்தை கத்திக்கொண்டிருந்தாள்.

“இவ அசையவே இல்லக்கா” என்றாள் கோமதி அக்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அது கெடக்கட்டும், தேளு எங்கன?”

“தேளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ‘முப்பு, ஒன் காலடியில தேளு’ன்னு சும்மா சொன்னேன். நீங்க எறங்குங்க, ஒரலு ஒடஞ்சிரப் போவுது.”

அத்தை இறங்கவில்லை. இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் தலையில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

“எத்தன நாளா இப்படி?”

“ஞாயித்துக்கெழமையிலேருந்து” என்றேன். பிறகு, “சின்னப் புள்ளையிலேருந்துன்னு அம்மா சொன்னா” என்றேன்.

அத்தை உரல் மேல் நின்றபடியே, “இப்பவாச்சும் நம்புதியா? தேளு காட்டித்தான் எனக்குச் சாட்சி வாங்கணுமா?” என்றாள். அக்கா எழுந்து போய் அவள் இறங்கக் கை கொடுத்தாள்.

சாயங்காலம் கொல்லை அடுப்புக் கற்களை அக்கா காலால் தள்ளிவிட்டாள்.

ஜூன் 18, புதன்

நான் வெளியே சொன்னது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மாவு படிந்த தாவணியை மட்டும் எனக்கு முன்னால் எடுத்துத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

மத்தியானம் கோமதி அக்கா வந்து அம்மாவோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியில் காது டாக்டரிடம் காட்ட வேண்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள்.

ஜூன் 20, வெள்ளி

அக்கா ஊருக்குப் போகவில்லை. காணத் துவையலை மறுபடி எடுத்தோம்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு வாக்குவாதம். ஆளுக்கு ஆள் காரணம் கேட்கிறார்கள், நடந்ததை அப்படியே சொல்லிவிடலாம் என்றாள் வடிவு அத்தை. “இந்தப் புள்ளைக்கு ஒரு காது கேக்காதுன்னு சொன்னா எல்லாரும் ஐயோ பாவம்னு வந்து பாப்பாவ. சேனலும் நல்லா ஓடும்.”

“இவ காத வித்தா நாம தொவையல் அரைக்கணும்?” என்றாள் கோமதி அக்கா. “நான் சொல்லிக்கிடுதேன்.”

மைக் குத்தினேன். செட்டிங்கை மாற்றினேன். குக்கர் பக்கம் போகாமல், வலது காது அக்கா பக்கம் இருக்கும்படி நின்றேன். அக்கா நேராகப் போனைப் பார்த்தாள்.

“போன வீடியோவுல எங் கொரலு ஏன் கேக்கலன்னு எல்லாரும் கேட்டிருந்திய. வேற ஒண்ணும் இல்ல. மைக்க ஆன் பண்ணாமலே குத்திக்கிட்டுப் பேசியிருக்கேன். அவ்ளோ பெரிய கூறுகெட்டவ நான்.”

வடிவு அத்தை இது மாதிரி வாய்ப்பை விடுகிறவள் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு அக்கா காணத்தை வறுத்தாள், அம்மியில் வைத்தாள், அம்மாவைப் பற்றிப் பேசினாள். போன தடவை சொல்லாததையும் சொன்னாள். அந்த மாட்டின் பெயர் வெள்ளச்சி.

வீட்டுக்கு வரும்போது ஏஜென்ட் வாசலில் நின்றார். “இந்த வருசம் அனுப்பல” என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்டார். “வேல பாக்கா” என்றாள் அம்மா.

ஜூன் 21, சனி

காலையிலேயே வெட்ட உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஸ்பீக்கரில் ஒரு தடவை, பிறகு ஹெட்செட்டில் ஒரு தடவை கேட்டேன். இப்போது இரண்டு குரலும் ஒரே காதில் வருகின்றன. கரகரப்பு இல்லை. மிக்ஸி ஓடுகிற இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்தேன். அக்கா வெள்ளச்சியைப் பற்றிச் சொல்கிற இடத்தில் எதையும் தொடவில்லை.

ஆரம்பத்தில் மைக்கை ஆன் பண்ணவில்லை என்று அவள் சொல்வதை விட்டுவைத்தேன். அது எனக்காகச் சொன்னது. அதற்கடுத்து ‘அவ்ளோ பெரிய கூறுகெட்டவ நான்’ என்று வருகிறது. அந்த இடத்தைப் பல தடவை ஓட்டிக் கேட்டேன். தெளிவாகக் கேட்கிறது. வெட்டிவிட்டேன்.

வீடியோவைப் பார்த்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள். யார் வெட்டச் சொன்னது என்று கேட்பாள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வெட்டினேன் என்று சொல்லிவிடுவேன்.